கொட்டகை

‘கொட்டாய்ல இன்னா படம்?’ வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பெருசுகள் வாயில் ‘கொட்டாய்’ இன்னும் புழங்கும் சொல். எழுத்தில் கொட்டகை.

சாய்கூரை போட்ட இடம் என்பதே அடிப்படைப் பொருள். மாட்டுக்கொட்டகை, கல்யாணக்கொட்டகை எல்லாம் அந்த வகைதான். மாடு நிற்குமிடத்தைச் சொல்லும் ‘கோஷ்டக’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்கிறது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. கொட்டில் என்ற சொல் பக்கத்திலேயே இருக்க, அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது என் சந்தேகம்.

நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய்க் கீற்றும் தகரமும் வேய்ந்து ஆடிய காலத்தில் கூத்து நடக்குமிடத்துக்கும் இந்தப் பெயர் ஒட்டியது. காரைக்கட்டடம் வந்த பிறகும் பெயர் போகவில்லை. சென்னை வால்டாக்ஸ் ரோட்டின் ஒற்றைவாடை நாடகக்கொட்டகை பேர்போனது. வாடை என்றால் வீட்டு வரிசை. ஒரு பக்கம் மட்டும் வீடிருக்கும் தெரு ஒற்றைவாடை. மாமல்லபுரத்திலும் ஒத்தவாடைத் தெரு உண்டு. குளிர்காற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதே ரோட்டில் இருந்த கினிமா சென்ட்ரலில்தான் 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியாகி, படம் முதன்முதலாகத் தமிழ் பேசியது. பின்னாளில் அது முருகன் டாக்கீஸ். டாக்கீஸ் என்ற பெயருக்கே ‘பேசும் படம்’ என்பதுதான் பொருள். தியேட்டர் கிரேக்கத்திலிருந்து வந்தது, பார்க்குமிடம். ஆக ஒரே கட்டடத்தில் கூரையைச் சொல்வது கொட்டகை, ஒலியைச் சொல்வது டாக்கீஸ், பார்வையாளர் பக்கத்தைச் சொல்வது தியேட்டர்.

மேடையைச் சொல்ல அரங்கு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதற்கு அளவே தருகிறது: 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கவும் சொல்கிறது. இன்றைய ஒளியமைப்பாளரும் படும் பாடு அதுதான்.

நாடகம் நடக்குமிடத்துக்கு அரங்கு, படம் ஓடுமிடத்துக்குத் திரையரங்கு என்று எழுதலாம். பழைய நாடகக்கொட்டகையைப் பற்றி எழுதும்போது மட்டும் அதை ‘அரங்கம்’ என்று திருத்த வேண்டாம். கொட்டகையும் எழுத்துத் தமிழ்தான்.