மத்திய மானியமும் மாநில மானியமும்: சிறு மருந்து ஆலைகள் தடுக்கி விழும் இடங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு மாத்திரைத் தயாரிப்பாளர் கடன் வாங்கி ஆலைக்கு எச்.வி.ஏ.சி. என்ற காற்றோட்ட, குளிரூட்டும் அமைப்பைப் பொருத்தினார். பில் அவருடைய பழைய தனியுரிமை நிறுவனத்தின் பெயரில் வந்தது. மருந்து உரிமமோ, அதற்குள் மகனையும் சேர்த்துத் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் பெயருக்கு மாறியிருந்தது. குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவான உத்யம் சான்றிதழில் பழைய பெயர், வங்கியின் கடன் கடிதத்தில் புதிய பெயர். இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மானிய விண்ணப்பம் மட்டும் "பெயர் பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. ஆலையை ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை.

இது நடக்க வேண்டாத இழப்பு. மருந்து ஆலைகள் கடைப்பிடிக்க வேண்டிய உற்பத்தித் தர விதிகளான அட்டவணை எம், திருத்தப்பட்டு 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. 250 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள ஆலைகளுக்கான அவகாசம், முறையாக விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் 2025 டிசம்பர் 31 வரை நீண்டது. செலவைத் தவிர்க்க வழியில்லை. அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் உரிமையையாவது கைவிடாமல் இருக்க வேண்டும்.

முதன்மையானது ஆர்.பி.டி.யு.ஏ.எஸ். என்ற மத்திய மருந்துத் துறையின் தொழில்நுட்ப மேம்பாட்டு உதவித் திட்டம். 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட வடிவில், விற்றுமுதல் 50 கோடிக்குக் கீழ் இருந்தால் தகுதியான முதலீட்டில் 20 சதவீதம், 50 முதல் 250 கோடிக்குள் 15, 250 முதல் 500 கோடிக்குள் 10 சதவீதம் கிடைக்கும். ஓர் ஆலைக்கு உச்சவரம்பு 1 கோடி. எச்.வி.ஏ.சி., நீர், நீராவி அமைப்புகள், பரிசோதனைக் கூடம், மருந்து எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று சோதிக்கும் ஸ்டெபிலிட்டி சேம்பர், தூய்மை அறை, கழிவு நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை இதில் வரும். மாநில அரசின் உதவியோடு சேர்த்துப் பெறவும் மத்திய அரசு இடம் தந்திருக்கிறது.

உச்சவரம்பை முதலில் மனதில் கொள்ளுங்கள். 40 கோடி விற்றுமுதல் உள்ள ஆலை 8 கோடி செலவிட்டால், 20 சதவீதம் என்பது 1 கோடியே 60 லட்சம். கைக்கு வருவது 1 கோடிதான். அதாவது 5 கோடிக்கு மேல் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை. விற்றுமுதல் 50 கோடியை ஒட்டி இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மூன்று ஆண்டுச் சராசரியை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். 4 கோடி முதலீட்டில் 20 சதவீதத்துக்கும் 15 சதவீதத்துக்கும் இடையே 20 லட்சம் போய்விடும்.

பெரும்பாலோர் விழும் குழி அடுத்து வருவது. இந்த மானியம் முன்பணம் அல்ல. நீங்கள் செலவழித்து, ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு திரும்பக் கிடைக்கும் பணம். மானியத்தை நம்பி இயந்திரக்காரருக்குத் தவணை சொல்லாதீர்கள். மானியம் வரவில்லை என்ற காரணத்தை மருந்து ஆய்வாளர் ஏற்க மாட்டார். அட்டவணை எம் வேறு, மானியக் கோப்பு வேறு. திட்டக் காலமும் 2025-26 நிதியாண்டு வரை என்றே அறிவிக்கப்பட்டது. ஆகவே விண்ணப்பம் பெறப்படுகிறதா என்பதை மருந்துத் துறையிடமோ, திட்ட மேலாண்மைப் பொறுப்பில் உள்ள சிட்பி என்ற சிறுதொழில் வளர்ச்சி வங்கியிடமோ மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்த பிறகே இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் பிறகு ஒப்புக்கொள்வதில்லை.

இனி மாநிலம். தமிழ்நாட்டில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மூலதன மானியம் மாவட்டத் தொழில் மையம் வழியாக வருகிறது. சிறப்பு ஊக்கத்துக்குரிய தொழில்களின் பட்டியலில் மருந்துத் தயாரிப்பும் உண்டு. மத்திய அரசு கதவைத் திறந்துவிட்டதாலேயே மாநிலமும் திறந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. "இதே செலவினத்துக்கு வேறு மானியம் பெறவில்லை" என்ற உறுதிமொழியில் கையெழுத்து கேட்டால், படிக்காமல் போடாதீர்கள். உண்மைக்கு மாறான உறுதிமொழி பின்னால் பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வைக்கும். அரசாணையின் அந்தப் பத்தியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஐயம் இருந்தால் மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

என் யோசனை, பில்களை முதலிலேயே இரண்டு கோப்பாகப் பிரிப்பது. தூய்மை அறை, நீர் அமைப்பு, பரிசோதனைக் கூடம் மத்தியக் கோப்புக்கு. மாத்திரை அச்சு இயந்திரம், பேக்கிங் இயந்திரம் போன்ற உற்பத்தி இயந்திரங்கள் மாநிலக் கோப்புக்கு. ஒரே பில் இரண்டு மேசைகளில் கிடக்காவிட்டால் கேள்வியே எழாது. இயந்திரக்காரர் எல்லாவற்றையும் ஒரே பில்லில் மொத்தத் தொகையாகப் போட்டுத் தருவார். ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு தனித்தனியாகக் கேளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். உள்ளீட்டு வரி எடுத்த ஜி.எஸ்.டி.யைச் செலவுக் கணக்கில் காட்டாதீர்கள்.

இயந்திர மானியத்தோடு மோதாதவையும் இருக்கின்றன. இசட்.இ.டி. தரச் சான்றிதழ்க் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதம் சலுகை உண்டு. சொத்துப் பிணை இல்லாமல் வாங்கும் கடனுக்கான சி.ஜி.டி.எம்.எஸ்.இ. கடன் உத்தரவாதம் குறு, சிறு நிறுவனங்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரை கிடைக்கிறது. அது மானியம் அல்ல. ஆண்டுக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். உத்தரவாதம் பெற்ற பகுதிக்கும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும் வங்கிக் கிளைகள் உண்டு. அப்படிக் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்து என்றதும் பல இடங்களில் பேச்சு மாறுகிறது.

தரகர்கள் விற்கும் பழைய பெயர்கள் இரண்டு. சி.எல்.சி.எஸ்.எஸ். என்ற, கடனோடு இணைந்த 15 சதவீத மூலதன மானியம் 2020 மார்ச்சோடு முடிந்துவிட்டது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும் 25 சதவீதத்தில், 25 லட்சம் வரை தனித் திட்டம் இருக்கிறது. மருந்துகளுக்கான பி.எல்.ஐ. என்ற, உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் 55 நிறுவனங்களை ஏற்கெனவே தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள். "உள்ளே சேர்த்துவிடுகிறேன்" என்று முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒன்றைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இயந்திரத்துக்காகக் கிடைத்த மானியம், வருமான வரியில் அந்த இயந்திரத்தின் அடக்க விலையிலிருந்து கழியும். தேய்மானம் குறையும், வரி சற்றுக் கூடும். மானியம் வந்த ஆண்டிலேயே ஆடிட்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் உரிமம், உத்யம், ஜி.எஸ்.டி., பான், கடன் கடிதம், பில் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். "பார்மா" என்று ஒன்றிலும் "பார்மாசூட்டிகல்ஸ்" என்று இன்னொன்றிலும் இருந்தால், அதைத் திருத்தும் வரை கோப்பைக் கொடுக்காதீர்கள்.