பலூன் ஊதிப் பிடிபட்டால்: பைனுக்கு அப்பால் என்ன இருக்கிறது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டவரின் வீட்டார் சட்டத்தரணியிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு பைன் வரும்?" என்பதுதான். 25,000 ரூபாயில் தொடங்கும் என்று சொன்னதும், "சரி, கட்டிட்டு வருவம்" என்கிறார்கள். வேகம், சிக்னல் போன்றவற்றுக்குத் தண்டப்பத்திரம் வாங்கித் தபாலகத்தில் கட்டிப் பழகியதால் வரும் பேச்சு இது. மதுபோதைக்கு அந்த வசதி இல்லை. நீதவான் நீதிமன்றத்துக்குப் போயே ஆகவேண்டும். குற்றவாளியாகக் கண்டால் தண்டப்பணத்தோடு சிறையும் விதிக்கலாம், சாரதி அனுமதிப்பத்திரத்தை 12 மாதம் வரை இடைநிறுத்தவும் செய்யலாம். ஆட்டோ, பஸ், லொறி ஓடிப் பிழைப்பவருக்கு அந்த இடைநிறுத்தம்தான் உண்மையான தண்டனை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவுதான் இதற்குரியது. இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட எல்லை 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம். இந்த அளவு நம்மவர்கள் நினைப்பதைவிட மிகச் சீக்கிரம் வந்துவிடும். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தில் (625 மில்லி) ஒன்றை மளமளவென்று குடித்தால், கணக்கின்படி 100 மில்லிகிராம் அளவுக்குப் போய்விடுவார். கால் போத்தில் சாராயமும் ஏறக்குறைய அதே. "ஒரு பியர்தான் அண்ணே" என்று சொல்லும்போதே எல்லை தாண்டியாயிற்று.

உடம்பு மதுசாரத்தைக் கழிக்கும் வேகம் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். கல்யாண வீட்டில் இரவு பத்து மணி தொடக்கம் நள்ளிரவு வரை அரைப் போத்தில் சாராயம் எடுத்தவர், விடிய ஆறு மணிக்கு வேலைக்கென்று பைக்கை எடுக்கும்போது இன்னும் 100க்குக் கிட்ட இருப்பார். தூங்கி எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்தவர் தெளிவாக இருப்பதாகத்தான் நினைப்பார். தேத்தண்ணியும் குளிப்பும் நித்திரையை விரட்டும், அந்த 15ஐக் கூட்டாது. காலைச் சோதனையில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

வெற்றிலை, தேசிக்காய், ஏலக்காய் எல்லாம் வாய் மணத்தைத்தான் மறைக்கும். பொலிஸ் ஊதச் சொல்லும் பலூன் வாங்குவது நுரையீரலில் இருந்து வரும் காற்றை. குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் துகள் மதுசாரம் பட்டால் பச்சையாக மாறும். டிஜிட்டல் கருவியானால் எண்ணாகக் காட்டும். ஊதும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: குழாய் புதிதாக, பிரிக்காமல் இருந்ததா; கடைசி மிடறு குடித்துப் பதினைந்து நிமிடமாவது ஆனதா. வாயில் மிச்சமிருக்கும் மதுசாரம் அளவைக் கூட்டிக்காட்டும், மதுசாரம் கலந்த வாய்கொப்பளிப்பு மருந்தும் அப்படித்தான்.

ஊத மாட்டேன் என்று நிற்பது புத்திசாலித்தனம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மறுப்பே உங்களுக்கு எதிரான அனுமானமாகிவிடும். குடிக்கவில்லை என்று காட்டும் சுமை அதன்பின் உங்கள் தலையில்.

துகள் பச்சையானால் பொலிஸ் நிலையம், அங்கிருந்து மருத்துவச் சட்டப் பரிசோதனைப் படிவத்தோடு அரச வைத்தியசாலை. வைத்தியர் மணம், கண்ணின் சிவப்பு, கண்மணி, பேச்சு, நேர்கோட்டு நடை, விரலால் மூக்கைத் தொடுதல் என்று பார்ப்பார். இந்தப் பரிசோதனை உங்களுக்கும் பயன்படும். நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்கினாலும், விபத்தில் தலையில் அடிபட்டாலும் ஆள் தள்ளாடுவார், உளறுவார். பாவிக்கும் மருந்து, நோய், அடிபட்ட இடம் எல்லாவற்றையும் வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லி, படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். பிடித்த நேரம், ஊதிய நேரம், பரிசோதித்த நேரம் மூன்றையும் வீட்டார் குறித்துவைக்கட்டும். வழக்கைப் பேசுவதென்றால் சட்டத்தரணி முதலில் தேடுவது அந்த மூன்று நேரத்தைத்தான்.

கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும், பொலிஸ் பிணையில் விடாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கேளுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் வைத்துவிட்டு பிறகு "எனக்குச் சிங்களம் தெரியாது" என்று நீதிமன்றில் சொல்வது மிகப் பலவீனமான வாதம்.

விபத்து நடந்திருந்தால் கதை வேறு. கல்லடி தொடங்கிக் களுவாஞ்சிக்குடி, கல்முனை தாண்டிப் போகும் பிரதான வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும், பின்விளக்கில்லாத உழவு இயந்திரம் நெல்லோடு போகும். நிதானமாக ஓடுபவருக்கே கடைசி நொடியில்தான் தெரியும். ஆள் இறந்தால் மதுபோதைக் குற்றத்துக்கு மேல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவும் (கவனயீனத்தால் மரணம் விளைவித்தல்) சேரும். அதற்கு 5 வருடம் வரை சிறை. விளக்கமறியலும் சாதாரணம். வாகனம் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை வரும்வரை பொலிஸில் கிடக்கும்.

இந்த நேரத்தில்தான் பெரிய பிழைகள் நடக்கின்றன. போதை இறங்கட்டும் என்று இடத்தைவிட்டு ஓடுவது ஒன்று. நிற்காதது, உதவாதது, பொலிஸுக்கு அறிவிக்காதது தனித்தனிக் குற்றமாகும். குடிக்காத தம்பியை "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லவைப்பது மற்றொன்று. கடைக் கமரா, காயத்தின் இடம், சீற் நிலை எல்லாம் அதைக் காட்டிக்கொடுக்கும். குற்றவாளியை மறைக்கப் பொய்த்தகவல் கொடுத்த வழக்கில் தம்பியும் மாட்டுவார்.

காப்புறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுக் காப்புறுதிப் பத்திரங்களில் மதுபோதையில் ஓட்டினால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். லீசிங்கில் எடுத்த வாகனம் நொறுங்கினால் திருத்தச் செலவும் மாதத் தவணையும் சேர்ந்து உங்கள் கையில்தான்.

அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டபின் "வயல் வரைக்கும்தானே" என்று லான்ட்மாஸ்டரை (இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை) எடுப்பவர்கள் உண்டு. பொதுமக்கள் வழமையாகப் போய்வரும் பாதை எல்லாம் சட்டத்தின் கண்ணில் வீதிதான், வயற்பாதையும் உள்வீதியும் அடங்கும். அங்கே பிடிபட்டால் அனுமதிப்பத்திரமின்றி ஓட்டிய புதுவழக்கு, அதற்கும் தண்டம் 25,000இல்தான் தொடங்கும். பிடிபட்ட இரவில் பைக்கை எடுத்துவர அனுமதிப்பத்திரமில்லாத மச்சானை அனுப்பினால், அவருக்கும் அதே கணக்கு.