கருணைக்கொலை: சொல் விளக்கம்

தீராத நோயில் துடிப்பவரின் வேதனையை முடிக்க, அவர் உயிரையே மருத்துவ வழியில் போக்குவதுதான் கருணைக்கொலை. 'மெர்சி கில்லிங்' என்பதை அப்படியே தமிழாக்கியது. ஆனால் மருத்துவர்கள் சொல்வது 'யூத்தனேசியா'. கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல, 'தனதோஸ்' என்றால் சாவு. அதில் கொலையே இல்லை. யாராவது வலியில்லாமல் சட்டென்று இறந்ததாகக் கேள்விப்பட்டால், தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் அப்படியொரு யூத்தனேசியா வாய்க்க வேண்டும் என்று ரோமப் பேரரசர் அகஸ்டஸ் வேண்டிக்கொள்வாராம். ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். நம் பாட்டிகள் "படுக்கையில விழாம போய்ச் சேரணும்" என்பார்களே, அதேதான்.

நாம் 'கொலை'யைச் சேர்த்ததால் வந்த வினை பெரிது. சென்னையில் எந்த ஐசியு வாசலிலும் பார்க்கலாம். "வென்டிலேட்டர் தொடரணுமா, வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். "அப்பாவை நாமளே கொல்றதா?" என்று மூத்த மகன் உடைந்துபோவார். அவரிடம் யாரும் கொல்லச் சொல்லவில்லை. பலன் தராத இயந்திரத்தை நிறுத்தலாமா என்றுதான் கேட்டார்கள்.

சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். மீளவே வழியில்லாதவருக்கு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குள் வரும் என்றது.

அதனால் முதலாவதற்கு மட்டும் கருணைக்கொலை என்ற சொல் இருக்கட்டும். இரண்டாவதைச் 'சிகிச்சை விலக்கல்' என்று சொல்லிப் பழகுவோம். யூத்தனேசியாவின் வேர்ப்பொருளுக்கு 'நற்சாவு' போதும்.

பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் 'லிவிங் வில்' என்பதை 'வாழும் உயில்' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. உயிலே 'வில்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதுவும் ஆள் போன பிறகே செல்லும். இதுவோ, உயிரோடு இருந்தும் வாய்திறந்து சொல்ல முடியாத நிலைக்காக எழுதுவது. 'முன்விருப்ப ஆவணம்' என்றால் சட்டென்று புரியும். 2018இல் இதற்கு மாஜிஸ்திரேட் கையொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். அப்புறம் ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.