அரூப ஓவியம்: சொல்லும் பொருளும்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ வளர்ந்த ஓவியர் ஒருவர், தம் இளமை நினைவுகளை வண்ணப் பரப்புகளாகவும் கோடுகளாகவும் தீட்டி இராமநாதபுரத்தில் காட்சிக்கு வைப்பாரானால், அழைப்பிதழில் பெரும்பாலும் ‘அரூப ஓவியக் கண்காட்சி’ என்றே அச்சாகும். ஆங்கிலத்தின் ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ என்பதற்கு ஈடாகத் தமிழ்க் கலை எழுத்தில் நிலைபெற்றுவிட்ட சொல் அது. ஆயினும் அவ்விரு சொற்களும் ஒரே பொருளைத் தருவன அல்ல.

அரூபம் வடசொல். ‘ரூபம்’ என்பதன்முன் இன்மையைக் குறிக்கும் அகரம் சேர, உருவம் இல்லாதது என்று பொருள்படுகிறது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராது என்பதால், ரூபம் இங்கு உகரத்தை முன்னே பெற்று உரூபம் என்றாயிற்று. மணிமேகலை ‘அரூபப் பிரமர்’, ‘உரூபப் பிரமர்’ என்று இரண்டையும் அடுத்தடுத்து ஆள்கிறது. அரூபம் மேலும் தமிழ் ஒலிக்கு இசைந்து அருவம் ஆயிற்று. ‘உருவாய் அருவாய் உளதாய் இலதாய்’ என்று அருணகிரிநாதர் பாடும்போது அச்சொல்லில் வடமொழிச் சாயல் சிறிதும் தெரிவதில்லை.

ஆப்ஸ்ட்ராக்ட் என்பதோ இலத்தீன் வினையொன்றிலிருந்து வந்தது. ஒன்றிலிருந்து விலக்கி இழுத்தல், பிரித்தெடுத்தல் என்பது அவ்வினையின் பொருள். ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிப்பது இதனால்தான். பிரித்தெடுக்க வேண்டுமானால் முதலில் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி, ஜெர்மனியின் முர்னாவ் என்னும் சிற்றூரில் தீட்டிய மலைகளும் கோபுரங்களும் படிப்படியாகத் தம் விளிம்புகளை இழந்த வழியிலேயே அவருடைய ஆப்ஸ்ட்ராக்ட் ஓவியங்கள் பிறந்தன. புறப்பொருள் எதையும் சாராத ஓவியம் வேறு வகை. இந்திய ஓவியர் வி. எஸ். கைதோண்டே தம் ஓவியங்களை ஆப்ஸ்ட்ராக்ட் என்பதைவிடப் பொருள்சாராதவை என்று சொல்வதையே விரும்பினார். அரூபம் என்னும் சொல் பொருந்துவது, கண்டிப்பாகப் பார்த்தால், இந்த இரண்டாம் வகைக்குத்தான்.

நினைவிலிருந்து தீட்டுபவர் முதல் வகையினர். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரை எடுத்துக்கொள்வோம். அது பவளக்கல்லால் கட்டப்பட்டது; அருகே நின்று பார்த்தால் கல்லெங்கும் பொடித்துளைகளும், துளைகளைச் சுற்றி உப்புக்காற்று அரித்த வெளிறிய நிறமும் தெரியும். ஆண்டுகள் கழித்து அதை நினைத்துத் தீட்டுபவரின் மனத்தில் வாசலும் வளைவும் மங்கிப்போய், அந்தத் துளைகளும் வெளிறலும், ஒருபுறம் கலங்கி மறுபுறம் தெளிந்து கிடக்கும் இரு கடல்களின் நிறவேறுபாடும், வாடைக்காற்றில் மணல் சாய்ந்தோடும் திசையும் மட்டும் எஞ்சலாம். ஓவியத் திரையில் தேவாலயம் இராது. ஆனால் அதன் கல் இருக்கும். இதை உருவமற்றது என்று எழுதிவிட்டால், பார்வையாளர் ஒன்றும் இல்லை என்ற முடிவோடு உள்ளே வருகிறார், அல்லது ஒளித்துவைத்த படகையும் பனையையும் தேடத் தொடங்குகிறார். பின்னது இன்னும் தொல்லை.

பிற சொற்களும் புழக்கத்தில் உண்டு. கணிதத்தார் நுண்புலம் என்கின்றனர். இயற்கணிதத்துக்குப் பொருந்தும் அச்சொல் சாயத்துக்கும் தூரிகைக்கும் ஒட்டவில்லை. உரையாசிரியர்கள் காட்சிப்பொருள், கருத்துப்பொருள் என்று பிரித்தனர். ஓவியமோ எப்படிப் பார்த்தாலும் காட்சிப்பொருளே. நவீன ஓவியம் என்பது காலத்தைச் சொல்கிறதேயன்றி முறையைச் சொல்வதில்லை.

இராமேசுவரத்தைச் சார்ந்த கரையில் வேறு சொல் தேடி அலைய வேண்டியதில்லை என்பேன். சைவ சித்தாந்தம் இறைவன் திருமேனியை அருவம், உருவம், அருவுருவம் என மூன்றாகப் பகுத்து, இலிங்கத்தை அருவுருவம் என்கிறது. சீதை மணலால் பிடித்ததாகத் தலபுராணம் கூறும் இராமநாதசுவாமிக்கு முகமில்லை, கைகால் இல்லை. எனினும் அது வடிவம் இல்லாதது அன்று. உறுப்புகளை நீக்கியும் உருவை விடாத இந்நிலைக்குத் தமிழில் முன்பே பெயர் இருக்கையில், நினைவைப் பிரித்தெடுத்துத் தீட்டும் ஓவியத்தை அருவுருவ ஓவியம் என்று தயங்காமல் வழங்கலாம். சமயச் சொல்லாயிற்றே என்ற தடை வலுவானதன்று. அரூபமும் மணிமேகலையின் பௌத்த உலக விளக்கத்தில் நின்ற சொல்தான். தமிழக ஓவியர் ஆதிமூலத்தின் பிற்கால வண்ண ஓவியங்கள் நிலத்தை நினைவூட்டிக்கொண்டே நிலக்காட்சி ஆகாமல் நிற்பவை. அவற்றுக்கும் இச்சொல்லே பொருந்தும். பொருள்சாரா ஓவியத்துக்கு அருவ ஓவியம் என்பதை ஒதுக்கிவிடலாம். அழைப்பிதழில் இடமிருந்தால், ‘அருவுருவ ஓவியங்கள்’ என்பதன்கீழ் எந்தக் கரையின் நினைவு என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பது நல்லது.