திரும்பத் திரும்பப் பெருகும் குடல் பாக்டீரியா: மூலிகையா, மாத்திரையா?

“ரிஃபாக்ஸிமின் சாப்பிட்டதும் உப்புசம் போனது. சில மாதங்களில் பழையபடி வந்துவிட்டது. மூலிகைக்கு மாறலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ரிஃபாக்ஸிமின் என்பது குடல் பாக்டீரியாவைக் கொல்லும் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரை.

பெருங்குடலில் பாக்டீரியா மண்டிக் கிடப்பது இயல்பு. சிறுகுடலில் அவை பெருகினால், நாம் செரிக்க வேண்டிய மாவுச்சத்தை முந்திக்கொண்டு நொதிக்கவைக்கும்; வாயு, உப்புசம், பேதி எல்லாம் அதன் விளைவு. கிருமியைக் கொல்வதைவிட, அது அங்கே தங்கியது எப்படி என்பதுதான் முக்கியம்.

இரைப்பை அமிலமும் பித்தநீரும் ஓரளவு காவல் காக்கும். மிச்ச வேலை ஒரு துப்புரவு அலையுடையது. வயிறு காலியாக இருக்கும்போது 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை அது வரும். முதலில் குடல் சும்மா கிடக்கும். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கும். கடைசியில் ஐந்து பத்து நிமிடம், முன்சிறுகுடலில் நிமிடத்துக்கு 11, 12 தடவை என்ற தாளத்தில் இறுக்கிப் பிழியும். இந்தப் பிழிதல் மெல்லக் கீழிறங்கி, செரிக்காத துணுக்கு, உதிர்ந்த செல், பாக்டீரியா எல்லாவற்றையும் பெருங்குடல் பக்கம் தள்ளிவிடும். பசி நேரத்து ‘கடமுடா’வில் இதற்கும் பங்குண்டு. இரைப்பையிலிருந்து கிளம்பும் அலையைத் தூண்டுவது மோட்டிலின் என்ற ஹார்மோன். நடுவில் எதையாவது தின்றால் அலை அதோடு நின்றுவிடும்.

நாள்பட்ட நீரிழிவு, ஸ்க்ளீரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்), மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து, கடுமையான உணவுவழித் தொற்று ஆகியவை இந்த அலையைக் கெடுக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் ஒட்டிக்கொண்டால், அலை சரியாக இருந்தாலும் தேக்கம் ஏற்படும்.

ரிஃபாக்ஸிமின் வழக்கமாக 550 மி.கி., தினம் மூன்று வேளை, 14 நாள். ரத்தத்தில் ஏறக்குறைய கலப்பதே இல்லை. பித்தநீரில் கரைவதால் சிறுகுடலில்தான் வீரியம் அதிகம். சிலருக்குக் குடலில் மீத்தேன் வாயு மிகும்; அந்த வகைக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர். அதற்கு நியோமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பார்கள். காது கேட்கும் திறனை அது பாதிக்கக்கூடும் என்பதால் கவனம் தேவை. 2008-இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், ஆன்டிபயாடிக்கால் குணமானவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் மறுபடி வந்திருந்தது.

மூலிகை? 2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 104 பேரை ஒப்பிட்டார்கள். நான்கு வாரம் மூலிகைக் கலவை எடுத்தவர்களில் 46 சதவீதத்தினருக்கும், ரிஃபாக்ஸிமின் எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் மூச்சுப் பரிசோதனை (குடல் கிருமிகள் விடும் வாயுவை மூச்சில் அளப்பது) இயல்புக்குத் திரும்பியது. ஆனால் யாருக்கு எது என்று குலுக்கிப் போடவில்லை. வித்தியாசமும் புள்ளியியல்படி உறுதியானதல்ல. மூலிகை ஜெயித்தது என்று இதைக் கொண்டாடுவது அவசரம். காப்புரிமை கிடைக்காத செடிக்குப் பெரிய ஆய்வு நடத்தக் கம்பெனிகள் பணம் போடாது. பொது நிதிதான் போட வேண்டும். ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்பதும் சரியல்ல. இத்தகைய மூலிகைகளில் உள்ள பெர்பெரின் என்ற சத்து வேறு மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடலாம். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

எதைக் கொண்டு கொன்றாலும், அலை திரும்பாவிட்டால் கூட்டம் மறுபடி சேரும். வேளைக்கு வேளை நான்கைந்து மணிநேர இடைவெளி விட்டு, நடுவில் கொறிக்காமல் இருப்பது அலைக்கு வழிவிடும். இன்சுலின் போடுபவர்களும் எடை குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. இரவில் 50 மி.கி. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தருவதும் உண்டு; இந்தச் சிறு அளவில் அது கிருமியைக் கொல்வதற்கல்ல, மோட்டிலின் ஏற்பியில் அமர்ந்து அலையைக் கிளப்புவதற்கு. இதயத்துடிப்பைக் குலைக்க வாய்ப்பிருப்பதால், முதலில் ஈ.சி.ஜி. பார்த்துவிடுவது நல்லது.