ஆறாவது இடத்தில் ஓர் எழுத்து

ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த சிவப்பணுவின் உள்ளே டிஎன்ஏ கிடையாது. எலும்பு மஜ்ஜையில் வளரும்போதே அது டிஎன்ஏ இருக்கும் தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகும் ஓரிரு நாட்கள் அந்த இளம் அணு, ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினைச் செய்துகொண்டே இருக்கும். மூல ஏடான டிஎன்ஏவே போய்விட்டதே, எதைப் பார்த்துச் செய்கிறது? முன்கூட்டியே எடுத்துவைத்த படியைப் பார்த்துத்தான். அந்தப் படிக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர்.

ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகள்; ஒவ்வொன்றும் அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் செய்தது. பீட்டாவுக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில், டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில், சுமார் 1,600 எழுத்து நீளத்தில் இருக்கிறது. ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி அதைப் படியெடுக்கும். டி வரவேண்டிய இடத்தில் யூ வரும். அப்புறம் நடுவிலுள்ள இரண்டு துண்டுகளை வெட்டிவிட்டு மீதியை ஒட்டியதும், படி உட்கருவை விட்டு வெளியேறி, புரதத்தைக் கோக்கும் ரைபோசோமிடம் போய்ச் சேரும்.

ரைபோசோம் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது கடத்து ஆர்என்ஏ. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சுமை சரியா என்று ரைபோசோம் பார்ப்பதில்லை. சுமந்து வந்ததன் மூன்றெழுத்து, படியின் மூன்றெழுத்தோடு ஜோடி சேர்கிறதா என்றுதான் பார்க்கிறது. 1963இல் வெளியான ஓர் ஆய்வில், கடத்து ஆர்என்ஏ சுமந்திருந்த சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வேதிமுறையில் அலனின் என்ற இன்னொன்றாக மாற்றிவிட்டார்கள். ஹீமோகுளோபினில் சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனின் போய் உட்கார்ந்துகொண்டது! அப்படியானால் சரியான சுமையைச் சரியான முதுகில் ஏற்றிவிடும் நொதிகள்தான் உண்மையான மொழிபெயர்ப்பாளர்கள்.

இப்படிக் கோத்து முடித்த பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது குளுட்டாமிக் அமிலம். அதற்கான எழுத்துகள் ஜிஏஜி. சிலருக்கு மரபணுவில் அது ஜிடிஜி என்று இருக்கும். பாலிமரேஸ் உள்ளதை உள்ளபடி படியெடுக்கிறது. ரைபோசோமும் பிசகாமல் படித்து, அந்த எழுத்துகளுக்கு உரிய வேலின் என்ற வேறு அமினோ அமிலத்தைக் கோக்கிறது. வழியில் யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நாராகத் திரள, சிவப்பணு அரிவாள் போல வளைந்து சிறு ரத்தக் குழாய்களை அடைக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த எழுத்து வந்துவிட்டால், தாங்க முடியாத வலியோடு வாழ வேண்டிய அரிவாள் அணு நோய் அது.

ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு என்று கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய வெர்னன் இங்கிராம், 1957இல். இந்தியாவில் இந்த அரிவாள் அணுக்கள் முதலில் பதிவானது அதற்கும் முன்பே, 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரு மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தன. அது அந்த எழுத்தைத் திருத்துவதில்லை. கருவில் இருந்தபோது பீட்டாவின் இடத்தில் வேலை செய்து, பிறந்தபின் அடங்கிப்போன காமா சங்கிலியின் மரபணுவை மறுபடி படியெடுக்க வைக்கிறது. ஆறாவது இடத்து ஜிடிஜி அப்படியேதான் இருக்கிறது.