ஆபிச்சுவரி: இரங்கலா, மறைவுக் குறிப்பா?

“உயிர் தப்பியோர்: மனைவி, மூன்று மகன்கள், பதினோரு பேரப்பிள்ளைகள்.”

போன மாதம் பிழைதிருத்தத்துக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வரி இருந்தது. ஏதோ படகு கவிழ்ந்த செய்தி என்று நினைத்தேன். மேலே போய்ப் பார்த்தால் படகும் இல்லை, தீ விபத்தும் இல்லை. தொண்ணூற்று மூன்று வயதில் தன் கட்டிலில் கண்மூடிய ஒரு அமெரிக்க விவசாயியைப் பற்றிய குறிப்பு அது. மத்திய மேற்குப் பகுதிக்காரர். மக்காச்சோளம், சோயா, கொஞ்சம் பால்மாடு. மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் சபையில் பிறந்து, அதே சபையில் திருமணம் செய்து, அதே சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர். அந்தக் குடும்பம் உயிர் தப்ப வேண்டிய ஆபத்து எதுவும் அங்கே நடக்கவில்லை.

ஆங்கிலத்தின் ‘survived by’ சொல்லுக்குச் சொல் தமிழாகியிருக்கிறது. அதற்கு நம் செய்தித்தாள்கள் பல தலைமுறையாக எழுதிவரும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: “இவருக்கு மனைவியும் மூன்று மகன்களும் உள்ளனர்.” அவ்வளவுதான். அதை யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். சரி, அது போகட்டும். என்னை உறுத்தியது தலைப்பு. ‘இரங்கல் செய்தி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆபிச்சுவரி (obituary), அதாவது இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் குறிப்பு, என்றாலே கை தானாக ‘இரங்கல்’ என்று தட்டுகிறது. அகராதியும் அதைத்தான் சொல்கிறது, மென்பொருளும் அதைத்தான் சொல்கிறது. எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘ஓபிரே’ என்றால் எதிரே போதல், போய்ச் சேர்தல். அதிலிருந்து ‘ஓபிதுஸ்’. சாவுக்கு அந்தச் சொல் வந்தது இடக்கரடக்கலாகத்தான். சூரியனும் விண்மீன்களும் மேற்கே இறங்கி மறைவதற்கும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். இடைக்கால மடங்களில் இறந்தவர்களின் பெயரை நாள்வாரியாக எழுதிவைத்த ஏட்டுக்கு இதிலிருந்து பெயர் வந்தது. அந்தந்த நாள் வரும்போது அவருக்காகப் பூசை வைக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது, அதற்காக ஏடு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் செய்தித்தாள்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன.

கவனித்தீர்களா, இந்தக் கதையில் எங்கேயும் அழுகை இல்லை. இருப்பது பெயரும் நாளும் குறிப்பும். ‘இரங்கல்’ என்பதோ அழுகையின் சொல். தொல்காப்பிய மரபில் அது நெய்தல் திணையின் உரிப்பொருள்: கடற்கரையில் நின்று, போனவனை நினைத்து ஏங்குவது. இறந்தவரைப் பற்றிப் புலம்புவதற்கென்றே நம்மிடம் கையறுநிலை என்ற துறை இருக்கிறது. பாரி மகளிர் ‘அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவின்’ என்று தொடங்குவது அந்த வகை. அது ஆபிச்சுவரி இல்லை. பாரி எந்த வருஷம் பிறந்தான், எத்தனை ஏக்கர் வைத்திருந்தான் என்று அதில் யாரும் தேடமாட்டார்கள்.

அதேபோல், இறந்தவரைப் பற்றிய தகவலைப் பதிவதற்கும் நம்மிடம் தனி மரபு இருந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லைப் பாருங்கள். தமிழி எழுத்தில் அதில் இருப்பது, கூடலூரில் நடந்த ஆகோளில் (ஆநிரை கவரும் சண்டையில்) பட்ட தீயன் அந்தவனின் கல் இது, என்ற அளவுதான். ஊர், என்ன நடந்தது, பெயர். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. ஒரு வரியில் முடித்துவிட்டான் செதுக்கியவன். இன்றைக்கு அதே ஆளுக்குப் பதாகை அடித்தால் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று முக்கால் பாகமும், மூலையில் ஆள் பெயரும் இருக்கும்.

இப்போது அந்த லுத்தரன் விவசாயிக்கு வருவோம். அவருடைய குறிப்பில் என்ன இருந்தது? பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், திடப்படுத்தல் (confirmation, ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தன் விசுவாசத்தை அறிக்கையிடும் சடங்கு) நாள், அன்று போதகர் அவருக்குக் கொடுத்த வேத வசனம், கல்யாணம், அப்பாவிடமிருந்து நிலம் கைக்கு வந்த வருஷம், முப்பது வருஷம் சபைக் கணக்குப் பார்த்தது, பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடியது, கடைசியாக மறைந்த நாள். இரங்குகிற வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அது தற்செயலும் இல்லை. லுத்தரன் மரபில் அடக்க ஆராதனையோடு வாழ்க்கை வரலாற்றைப் படிக்கிற வழக்கம் நெடுநாளையது. 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மனியில் அடக்கப் பிரசங்கங்களை அச்சிட்டு விநியோகித்தார்கள். அவற்றின் பின்பகுதியில் இறந்தவரின் வாழ்க்கை வரும். சிலர் தங்களுடையதைத் தாங்களே முன்கூட்டி எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். இறந்தவருக்காகப் பூசை வைப்பதை லுத்தர் மறுத்துவிட்டார். ஆக, மடத்து ஏட்டின் பழைய வேலை போயிற்று. வாழ்ந்த வாழ்க்கைக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது என்ற புது வேலை வந்தது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போல நீங்கள் துக்கிக்க வேண்டாம் என்று வேதாகமத்தில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் இவர்கள். அவர்கள் எழுதிய குறிப்பின் தலையில் ‘இரங்கல்’ என்று ஒட்டுவதை என்னவென்று சொல்வது?

‘இரங்கல் தெரிவித்தார்’, ‘இரங்கல் கூட்டம்’ இவற்றோடு எனக்கு வழக்கில்லை. அங்கே இரங்குகிறவர் இருக்கிறார். ஆபிச்சுவரியில் இருப்பவர் மறைந்தவர் மட்டும். ஈழத்து ‘மரண அறிவித்தல்’ இதைவிட நேர்மையான சொல், ஆனால் அது அறிவிப்பு: இன்னார் இறந்தார், அடக்கம் இத்தனை மணிக்கு. வாழ்க்கை முழுவதையும் சொல்கிற குறிப்புக்கு அது போதாது.

அப்புறம் நம் தனித்தமிழ் அன்பர்களின் ‘நீத்தார் குறிப்பு’. சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. இணையத்தில் யாராவது ‘ஆபிச்சுவரிக்குத் தமிழ் என்ன?’ என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் இந்த விடை வந்துவிடும், கூடவே இரண்டு கைகூப்பும் படங்களும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் இரண்டு மூன்று முறை பயன்படுத்தியவன். இந்த விவசாயியின் குறிப்பில் அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் எங்கே இடிக்கிறது என்று புரிந்தது.

நீத்தல் என்றால் விடுதல், துறத்தல். திருக்குறளின் மூன்றாவது அதிகாரம் ‘நீத்தார் பெருமை’. அது செத்தவர்களைப் பற்றியது என்று பரீட்சையில் எழுதினால் பூஜ்யம்தான் கிடைக்கும், துறவிகளைப் பற்றியது. அதிலேயே இரண்டாவது குறள், ‘துறந்தார் பெருமை துணைக்கூறின் வையத்து இறந்தாரை எண்ணிக்கொண் டற்று’. துறந்தவரின் பெருமையை அளப்பது, உலகத்தில் இறந்தவர்களை எண்ணிக் கணக்கெடுப்பது மாதிரி, முடியாத காரியம். வள்ளுவர் ஒரே மூச்சில் துறந்தாரைத் தனியாகவும் இறந்தாரைத் தனியாகவும் வைக்கிறார். நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, தமிழை மீட்டுவிட்டோம் என்கிறோம்.

‘உயிர் நீத்தார்’ என்ற வழக்கு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் ‘உயிர்’ முன்னால் நிற்கிறது, அதனால் பொருள் தெளிவு. அந்தத் தொடரிலும் ஒரு விருப்பம் ஒளிந்திருக்கிறது. கவரிமான் குறளில் மானம் போனால் ‘உயிர்நீப்பர்’ என்று வருவது, தாமே விடுவதை. தியாகிக்கு அது பொருந்தும். தொண்ணூற்று மூன்று வயதில் நிமோனியாவில் போனவர் உயிரைத் தாமாக நீக்கவில்லை, அது போயிற்று. ‘நீத்தார் கடன்’ என்ற தொடர் பழகிப்போனது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பழகிய தொடரில் ஒரு சொல் செல்லும் என்பதற்காக, அதைப் பிய்த்து எடுத்து எங்கும் ஒட்டலாம் என்றாகிவிடாது.

இதைவிடப் பெரிய வேடிக்கை, ஒரு லுத்தரன் விவசாயியை நீத்தார் என்பது. லுத்தர் யார்? துறவியாக இருந்து துறவைத் துறந்தவர். 1525இல், மடத்தை விட்டு வந்த கத்தரீனா ஃபான் போராவை மணந்தார். அந்த அம்மாள் மாடும் பன்றியும் வளர்த்து, பீர் காய்ச்சி, நிலத்தையும் பார்த்துக்கொண்டவர். லுத்தரின் வீட்டில் விவசாயி என்றால் அவர்தான். கடவுளின் அழைப்பு என்பது மடத்துக்குள் இருப்பவருக்கு மட்டும் வருவதில்லை, பால் கறக்கிறவரும் ஏர் பிடிக்கிறவரும் அழைக்கப்பட்டவர்களே என்பது லுத்தரின் அடிப்படையான போதனைகளில் ஒன்று. 1529இல் அவர் எழுதிய சிறு ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் வினாவிடை நூலை, எடுத்துப் பாருங்கள். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்பதில் ஆகாரம் என்றால் என்ன என்று கேட்டு, சோறு துணியில் தொடங்கி வீடு, வயல், மாடு, பணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நடுவில் ‘நல்ல வானிலை’ என்றும் ஒன்று. இதைப் பதினான்கு வயதுக்குள் மனப்பாடம் செய்து ஒப்பித்து, பிறகு எண்பது வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த ஒரு மனிதர் எதை நீத்தார்? வயலையா? மாட்டையா? அவருடைய பக்தியே அதைக் கைவிடாமல் இருந்ததில்தான் இருந்தது.

என் தெரிவு ‘மறைவுக் குறிப்பு’. லத்தீன்காரன் சூரியனுக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லை வைத்தான் என்றேன் அல்லவா, தமிழும் தானாகவே அதைத்தான் செய்திருக்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் மறைகிறான், மனிதர் மறைந்தார். இதைவிட நெருக்கமான இணை வேறு சொல்லில் கிடைக்காது. ‘மறைவுச் செய்தி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ‘மறைவுக் குறிப்பு’ யாரையும் மிரட்டாது. ரகசியக் குறிப்பு என்று யாராவது தப்பாகப் படிப்பார்களோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தனியாக, சூழல் இல்லாமல் பார்த்தால் ஒரு நொடி அப்படித் தோன்றலாம். பக்கத்தில் ஒரு படமும் இரண்டு தேதிகளும் இருக்கும்போது தோன்றாது.

சொல்லை மாற்றிவிட்டால் மட்டும் போதுமா? மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். அன்றிலிருந்து லுத்தரன் வாழ்க்கைக்குத் தமிழில் சொல் இருக்கிறது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், போதகர், ஞானோபதேசம், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், எல்லாம் கல்லறைகளிலும் சபைப் பதிவேடுகளிலும் புழங்கிய சொற்கள். நம் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்திருந்தார்? ஞானஸ்நானம் ‘பெயர் சூட்டும் சடங்கு’ ஆகியிருந்தது. திடப்படுத்தல், ‘1944இல் அவர் உறுதி செய்யப்பட்டார்’. காத்திருப்புப் பட்டியலில் இருந்த ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேசுவது போல! ‘லூதர் மதத்தைச் சேர்ந்த’ என்று ஓரிடத்தில். திடப்படுத்தல் வசனம் ‘மரணம் வரை விசுவாசமாக இரு, நான் உனக்கு வாழ்க்கையின் கிரீடத்தைத் தருகிறேன்’ என்று புதிதாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. ‘நீ மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்’ என்று வேதாகமத்தில் அச்சாகியே இருக்கிறது; தேடினால் ஒரு நிமிஷம். சுத்தத் தமிழா வடமொழியா என்ற சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். அந்த மனிதருடைய மதத்துக்குத் தமிழில் இருக்கும் சொல் எதுவோ அதுதான் சரியான சொல்.

மூலத்தின் கடைசியில் ஒரு மேற்கோள் வேறு. நாளை உலகம் அழிந்தாலும் இன்று ஒரு ஆப்பிள் கன்று நடுவேன் என்று லுத்தர் சொன்னதாக. லுத்தர் அப்படி எழுதியதற்குச் சான்று இல்லை. கிடைத்திருக்கும் முதல் எழுத்துச் சான்று 1944ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேரப்பிள்ளைகள் ஆசையாகச் சேர்த்திருப்பார்கள், அதனால் அப்படியே விட்டேன்.

திருத்திய பின் தொடக்கம் இப்படி நின்றது:

“மறைவுக் குறிப்பு. பிறந்து மூன்றாம் வாரத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1944இல் திடப்படுத்தல். அன்று பெற்ற வசனமே அடக்க ஆராதனையிலும் பிரசங்க வசனமாயிற்று. அறுபத்தொரு வருஷம் பயிர் செய்தார். கோயில் மணி அவர் வயதுக்குத் தொண்ணூற்று மூன்று முறை ஒலித்தது. இவருக்கு மனைவியும் மூன்று மகன்களும் பதினோரு பேரப்பிள்ளைகளும் உள்ளனர்.”

விவசாயி என்பதைப் ‘பண்ணையார்’ என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தார்கள், தன் மாட்டைத் தானே கறந்த மனிதரை. ஆறை மாற்றிவிட்டேன். அச்சுக்குப் போன பிறகு பார்த்தால், நான்காம் பத்தியில் ஒரு பண்ணையார் உயிர் தப்பி நிற்கிறார்.